வன்னியில் ஆங்கிலம் கதைத்துப் பழக ஒரு வட்டம்: எந்த விளையாட்டு, எந்தத் தலைப்பு?

குளக்கட்டு (கிளிநொச்சி)

எல்லோருக்கும் வணக்கம். சாதாரண தரத்தில் ஆங்கிலத்துக்கு ஏ எடுத்த பிள்ளைகூட நேர்முகத் தேர்வில் "டெல் மீ அபௌட் யுவர்செல்ஃப்" என்று கேட்டவுடன் தலையைக் குனிந்துகொண்டு நிற்பதை நிறையப் பார்த்துவிட்டேன். அந்தப் பிள்ளைக்கு ஆங்கிலம் தெரியாது என்று சொல்லவே முடியாது. கடிதம் எழுதும், பந்தியை வாசித்து விடை எழுதும். மூன்றாம் ஆண்டிலிருந்து பாடமாகப் படித்த மொழி. வாய் திறந்து கதைக்க மட்டும் இடம் கிடைக்கவில்லை. நான் பரீட்சை எழுதிய காலத்தில் பேச்சுக்கு ஒரு புள்ளிகூட இருக்கவில்லை. உயர்தரத்தில் பொது ஆங்கிலம் இருந்தது, ஆனால் அதன் பெறுபேறு பல்கலைக்கழக அனுமதிக்குச் சேராது என்பதால் யாரும் அதைத் திரும்பிப் பார்க்கவில்லை. 2009ஐ அரசாங்கம் ஆங்கிலத்துக்கும் தகவல் தொழில்நுட்பத்துக்குமான ஆண்டாக அறிவித்தது. அந்த ஆண்டு எங்கள் பிள்ளைகள் செட்டிகுளத்து முகாம்களில் கூடாரத்துக்குள் இருந்தார்கள். அந்தப் பின்தங்கலை நாங்களேதான் நிரப்ப வேண்டியிருக்கிறது.

இப்போது சனிக்கிழமை பின்னேரங்களில் எங்கள் சனசமூக நிலையத்தில் கூடுகிறோம். உயர்தரப் பிள்ளைகள், கடையில் நிற்கும் பெடியள், ஒரு முன்பள்ளி ஆசிரியை, வெளிநாடு போக எழுதிப்போட்டுவிட்டுக் காத்திருக்கும் இரண்டு பேர். சும்மா "வாருங்கள், கதைப்போம்" என்றால் ஒருவரும் கதைப்பதில்லை. ஒரு விளையாட்டை நடுவில் போட்டுவிட்டால் அதே ஆட்கள் கையை ஆட்டி ஆட்டிக் கதைக்கிறார்கள்.

எங்களுக்கு நன்றாகப் பிடித்தது தடைச்சொல் விளையாட்டு. பழைய கலண்டர் மட்டையை வெட்டி அட்டை செய்கிறோம். மேலே மற்றவர்கள் கண்டுபிடிக்கவேண்டிய ஒரு சொல், கீழே அதை விளக்கும்போது சொல்லக்கூடாத மூன்று சொல். போன கிழமை ஒரு தங்கச்சிக்கு "துலா" வந்தது. வாட்டர், வெல், ரோப் மூன்றும் தடை. கொஞ்ச நேரம் மேலே கூரையைப் பார்த்தார். பிறகு "லோங் வூட். வன் சைட் ஹெவி. மை கிராண்ட்ஃபாதர் வோக் ஒன் இட், அப் அண்ட் டவுன், ஹிஸ் பிரதர் ஸ்டாண்டிங் டவுன் அண்ட் போர்" என்றார். மற்றப் பக்கம் துள்ளி எழும்பி விடை சொன்னது. இலக்கணம் எங்கே பிழைத்தது என்று அப்போது யாருக்கும் கவலை இல்லை, அவருக்கும்தான்.

நீங்கள் என்ன விளையாடுகிறீர்கள்? எப்போது திருத்துகிறீர்கள்? எழுதுங்கள்.

*

கரும்பலகை (புதுக்குடியிருப்பு)

தம்பி, முயற்சிக்கு வாழ்த்து. ஆனால் எனக்கு இதில் ஒரு பயம் இருக்கிறது. நான் ரியூசன் கொடுக்கிறேன். "ஹி டோன்ட் நோ", "யெஸ்டர்டே ஐ கோ" என்று ஒருமுறை நாக்கில் ஏறிவிட்டால் இறக்குவது பெரும்பாடு. "மை கிராண்ட்ஃபாதர் வோக்" என்று அந்தப் பிள்ளை சொன்னதற்கு நீங்கள் எல்லோரும் கைதட்டினால், அதுதான் சரி என்று அவர் நினைப்பார். அடுத்த கிழமையும் அப்படியே சொல்வார். பக்கத்தில் இருக்கிறவரும் அதையே பிடித்துக்கொள்வார். முதலில் காலங்களையும் வினைச்சொற்களையும் சரியாகப் படிக்கட்டும், பிறகு விளையாடலாம். அத்திவாரம் இல்லாமல் கூரை போடக்கூடாது.

*

ஓய்வுபெற்ற ரீச்சர் (வவுனியா)

கரும்பலகை சேரின் பயம் நியாயமானது. பிழை பழகிப்போகும் என்பது உண்மை. ஆனால் அவர் சொல்லும் ஒழுங்கைத்தான் நான் உட்பட எல்லோரும் பள்ளிக்கூடத்தில் காலங்காலமாகச் செய்தோம். முதலில் இலக்கணம், பிறகு பேச்சு. அந்தப் "பிறகு" பெரும்பாலான பிள்ளைகளுக்கு வரவேயில்லை.

திருத்துவதற்கு ஒரு நேரம் இருக்கிறது. பிள்ளை கதைத்துக்கொண்டிருக்கும்போது குறுக்கே விழுந்தால் அந்த வசனமும் போய்விடும், அடுத்த வசனத்துக்கான துணிவும் போய்விடும். நான் ஒரு கொப்பியோடு பின்னால் இருப்பேன். காதில் விழுந்த பிழையை ஆள் பெயர் இல்லாமல் எழுதிக்கொள்வேன். கடைசிக் கால் மணித்தியாலத்தில் அவற்றில் நாலைந்தை மட்டும் பலகையில் எழுதி, "இதை எப்படிச் சொல்லலாம்?" என்று எல்லோரையும் கேட்பேன். சொன்ன பிள்ளைக்குத் தெரியும் அது தன்னுடையது என்று. மற்றவர்களுக்குத் தெரியாது. இருபது பிழையையும் எழுதவேண்டாம். சொல்வதை மற்றவருக்கு விளங்காமல் ஆக்குகிற பிழை, திரும்பத் திரும்ப வருகிற பிழை, இரண்டும் போதும்.

இன்னொன்று. துலாவைச் சொன்ன பிள்ளைக்கு அதே அட்டையை வேறோர் ஆளிடம் இன்னொரு முறை சொல்லக் கொடுத்தீர்களா? திரும்பச் சொல்வதில்தான் திருத்தம் தானாக நடக்கும். நியூசிலாந்துப் பேராசிரியர் போல் நேஷன் எழுதிப் பரவலான ஒரு பயிற்சி இருக்கிறது, நாலு, மூன்று, இரண்டு என்பார்கள். ஒரு விடயத்தை ஒருவரிடம் நாலு நிமிடம் சொல்லவேண்டும். அதே விடயத்தை இன்னொருவரிடம் மூன்று நிமிடத்தில். மூன்றாவது ஆளிடம் இரண்டே நிமிடத்தில். கேட்கிற ஆள் ஒவ்வொரு முறையும் புதியவர், ஆகவே சொல்வதற்குக் காரணம் இருக்கிறது. நேரம் குறையக் குறைய இழுவையும் "ம்ம்" போடுவதும் குறையும். முதல்முறை தேடித் தேடி எடுத்த சொல் மூன்றாம் முறை கைக்கு அருகிலேயே இருக்கும். காசு செலவில்லை, கரண்ட் தேவையில்லை. மணிக்கூடு மட்டும் போதும்.

*

அறிவியல்நகர் மாணவன்

நான் இங்கே பொறியியல் பீடத்தில் படிக்கிறேன். விரிவுரை, செய்முறை, அறிக்கை எல்லாம் ஆங்கிலத்தில்தான். முதல் வருடத்தில் கேள்வி மனதில் இருக்கும், கை எழும்பாது. எங்கள் விடுதியில் சிலர் சேர்ந்து டோஸ்ட்மாஸ்டர்ஸ் என்கிற மேடைப்பேச்சுப் பயிற்சி அமைப்பின் முறையைப் பார்த்து ஒரு சின்ன வட்டம் நடத்துகிறோம். அந்த அமைப்பு 1924இல் கலிபோர்னியாவில் ரால்ஃப் ஸ்மெட்லி என்பவர் தொடங்கியது. அதில் எனக்குப் பிடித்தது ஒவ்வொருவருக்கும் ஒரு பொறுப்பு இருப்பதுதான். ஒருவர் நேரம் பார்ப்பார், ஒருவர் "ஆ", "ம்" எத்தனை வந்தது என்று எண்ணுவார், ஒருவர் மொழியைக் கவனிப்பார், ஒருவர் மதிப்பிட்டுச் சொல்வார். சும்மா வந்து மூலையில் இருக்க முடியாது. "ஆ" எண்ணுகிறவர்கூடக் கடைசியில் எழும்பி நின்று ஆங்கிலத்தில்தான் அறிக்கை சொல்லவேண்டும். கூச்சமுள்ள ஆளை முதலில் நேரம் பார்க்கும் வேலையில் விடலாம், அவர் சொல்லவேண்டியது இரண்டு மூன்று வசனந்தான்.

தயாரிக்காமல் கதைக்கும் பகுதியில் தலைப்பு அந்த இடத்திலேயே கொடுக்கப்படும். ஒரு நிமிடம் ஆனதும் பச்சை அட்டை, ஒன்றரையில் மஞ்சள், இரண்டில் சிவப்பு. மஞ்சளைக் கண்டதும் முடிக்கப் பார்க்கவேண்டும். இந்தப் பழக்கம் எனக்கு வாய்மொழிப் பரீட்சையில் நேரடியாக உதவியது.

பிபிசி வானொலியில் 1967 முதல் ஓடும் ஒரு விளையாட்டும் உண்டு: ஒரு நிமிடம் தயங்காமல், சொன்னதைத் திரும்பச் சொல்லாமல், தலைப்பை விட்டு விலகாமல் கதைக்கவேண்டும். முதலாம் நாளே அதைக் கொண்டுவராதீர்கள். தயங்கக்கூடாது என்று விதி வைத்தால் புதிய ஆள் ஊமையாகிவிடுவார். கொஞ்சம் ஓட்டம் வந்த பிறகு நல்ல உற்சாகமான விளையாட்டு.

*

கரும்பலகை (புதுக்குடியிருப்பு)

ரீச்சர் சொன்ன பலகை முறை எனக்குச் சரியாகப் படுகிறது. என் வகுப்பிலும் செய்து பார்க்கலாம். ஆனால் அந்தக் கொப்பியோடு இருக்க ஒரு ரீச்சர் வேண்டுமே. கிராமத்துச் சனசமூக நிலையத்தில் பிழையைக் கண்டுபிடிக்கிற ஆள் யார்?

*

குளக்கட்டு (கிளிநொச்சி)

சேர், அதற்குத்தான் உங்களைப் போன்றவர்களை இந்த இழைக்குக் கூப்பிட்டது. மாதத்தில் ஒருமுறை ஒரு ஆசிரியர் வந்து கடைசி அரை மணித்தியாலம் இருந்தால் போதும். மற்றக் கிழமைகளில் போனில் ஒலிப்பதிவு செய்து வைக்கிறோம். கதைத்தவரே வீட்டில் போட்டுக் கேட்டால் பாதிப் பிழையைத் தானே பிடித்துவிடுவார். ஏனென்றால் இலக்கணம் அவருக்குத் தெரியும், கதைக்கும் வேகத்தில்தான் கைகொடுப்பதில்லை. நீங்கள் படிப்பித்தது எங்கேயும் போகவில்லை சேர்.

அறிவியல்நகர்த் தம்பி, பொறுப்புக் கொடுப்பதை வருகிற சனியே செய்கிறோம்.

*

முறிகண்டிப் பெடியன்

போனில் விளையாடுவதையும் சேர்க்கலாமே. கஹூட் என்கிற வினாவிடை விளையாட்டைப் போட்டால் எல்லோரும் விழுந்து விழுந்து விளையாடுவார்கள். நாங்கள் 2020இல் அமங் அஸ் விளையாடித்தான் இங்கிலீஷ் கதைக்கத் தொடங்கினோம். அதையே போன் இல்லாமல் மாஃபியா என்று அட்டையிலும் விளையாடலாம். 1986இல் மொஸ்கோவில் டிமிட்ரி டவிடோவ் என்கிற உளவியல் மாணவர் கண்டுபிடித்தது. இரவில் எல்லோரும் கண்ணை மூட, கொலைகாரர் ஒருவரைக் கொல்வார். விடிந்ததும் யார் செய்தது என்று எல்லோரும் வாதாடி ஒருவரை வெளியேற்றவேண்டும். சந்தேகப்பட, மறுக்க, சாட்சி சொல்ல எல்லாவற்றுக்கும் ஆங்கிலம் வேண்டும். இதைவிட நல்ல பயிற்சி இல்லை.

*

ஒட்டுசுட்டான் அக்கா

தம்பி, மாஃபியாவைப் பற்றி ஒன்று சொல்லவேண்டும், கோபிக்காதே. இரவில் ஒருவர் இல்லாமல் போவதும், விடிந்ததும் அயலவர் ஒருவரை ஒருவர் காட்டிக்கொடுப்பதும் மொஸ்கோ மாணவர்களுக்கு விளையாட்டாக இருக்கலாம். எங்கள் வட்டத்தில் தகப்பனைத் தேடிக்கொண்டிருக்கிற பிள்ளை இருக்கிறது. மகனின் படத்தோடு வீதியோரக் கொட்டகையில் இருக்கும் தாயின் பேத்தி இருக்கிறாள். அந்தப் பிள்ளைகளைக் கண்ணை மூடச் சொல்லி "சம்வன் இஸ் டெட்" என்று சொல்ல என் வாய் வராது.

இதேபோலத்தான் "டெல் அபௌட் யுவர் ஃபமிலி" என்கிற தலைப்பும். எல்லாப் புத்தகத்திலும் முதல் பாடமே அதுதான். என் தகப்பன் இன்ன வேலை செய்கிறார், எனக்கு இத்தனை சகோதரம் என்று. வன்னியில் அது சுலபமான கேள்வி இல்லை. எங்கள் குழுவில் யாரும் எந்தக் கேள்விக்கும் "பாஸ்" சொல்லலாம், ஏன் என்று கேட்பதில்லை. முதல் நாள் தலைப்பாக வீட்டைக் கேட்காமல், "உங்கள் ஊருக்கு ஒருவர் வந்தால் எங்கே கூட்டிப் போவீர்கள், என்ன சாப்பிடக் கொடுப்பீர்கள்" என்று கேட்கிறோம். மரை வற்றலில் தொடங்கி வற்றாப்பளைப் பொங்கல் வரைக்கும் நிறுத்தாமல் கதைக்கிறார்கள்.

*

முறிகண்டிப் பெடியன்

அக்கா, கோபம் ஒன்றும் இல்லை. சொன்னது நன்றாக விளங்குகிறது. அப்படியானால் கொலையை எடுத்துவிட்டு விளையாட்டின் எலும்பை மட்டும் வைத்துக்கொள்ளலாமா? களவு ஏதாவது? மாங்காய்க் களவு?

*

குளக்கட்டு (கிளிநொச்சி)

அக்காவின் பதிவைக் குழுவில் எல்லோருக்கும் வாசித்துக் காட்டினேன். ஒருவரும் மறுக்கவில்லை. பிறகு எல்லோருமாக இருந்து ஒன்றைச் செய்தோம், விளையாடியும் பார்த்துவிட்டோம். பெயர் "ஹூ ஓப்பன்ட் த கேட்?" இரவில் வாய்க்கால் கதவைத் திறந்து தன் வயலுக்குத் தண்ணீர் திருப்பியவர் யார் என்பதுதான் கதை. சிறுபோகத்தில் தண்ணீர்ப் பங்கீட்டில் நடக்கிற சண்டையை இங்கே யாருக்கும் விளங்கப்படுத்தத் தேவையில்லை.

பத்துப் பேர் வட்டமாக இருப்போம். இரண்டு பேருக்குக் களவு அட்டை, ஒருவருக்குக் கமக்கார அமைப்புத் தலைவர் அட்டை, மற்றவர்கள் சாதாரணக் கமக்காரர். கண்ணை மூடச் சொன்னதும் களவு செய்த இருவரும் கண்ணைத் திறந்து யாருடைய வயல் காயவேண்டும் என்று விரலால் காட்டுவார்கள். தலைவர் ஓர் ஆளைச் சுட்டிக் காட்டினால், அவர் கள்ளனா இல்லையா என்று நடத்துகிறவர் தலையசைப்பார். விடிந்ததும் "செல்வாஸ் ஃபீல்ட் இஸ் ட்ரை" என்று அறிவிப்பு. பிறகு ஐந்து நிமிடம் வாதம், அதன் பிறகு வாக்கு.

வயல் காய்ந்தவர் வீட்டுக்குப் போக முடியாது. ரீச்சர் சொன்ன கொப்பி அவர் கைக்குப் போகும். இனி அவர்தான் பிழை எழுதுகிறவர்.

கரும்பலகை சேருக்கு இதைக் கட்டாயம் சொல்லவேண்டும். இந்த விளையாட்டில் "வேர் வேர் யூ அட் மிட்நைட்?" என்றுதான் கேட்கமுடியும், "ஐ வோஸ் ஸ்லீப்பிங்", "ஐ வோஸ் சேஸிங் த எலிஃபன்ட்" என்றுதான் மறுமொழி சொல்லமுடியும். பயிற்சிப் புத்தகத்தில் இடைவெளி நிரப்பிய அதே இறந்தகாலத் தொடர்வினை. ஒரு பெடியன் "ஐ ஆம் ஸ்லீப்பிங்" என்று சொல்லிவிட்டார். பக்கத்தில் இருந்த பிள்ளை உடனே "நவ் யூ ஆர் ஸ்லீப்பிங்? ஹூ இஸ் டாக்கிங்?" என்று பிடித்துக்கொண்டாள். அவரே "வோஸ், வோஸ்!" என்று கத்தித் திருத்தினார். இனி அவர் அதை விடமாட்டார்.

*

கரும்பலகை (புதுக்குடியிருப்பு)

இதை வாசித்துச் சந்தோஷப்பட்டேன் தம்பி. இலக்கணத்துக்குத் தேவை வந்த இடத்தில் இலக்கணம் வந்திருக்கிறது. அட்டைகளை வட்ஸ்அப்பில் அனுப்பமுடியுமா?

*

ஓய்வுபெற்ற ரீச்சர் (வவுனியா)

அருமை. கஹூட் பற்றி முறிகண்டித் தம்பி கேட்டிருந்தார், அதற்கு இன்னும் மறுமொழி வரவில்லை. அது நல்ல கருவிதான், சொல் ஞாபகத்துக்கு உதவும். ஆனால் அதில் பிள்ளை விரலைத்தான் பாவிக்கிறது, வாயை இல்லை. மொழி படிக்கிற டுவோலிங்கோ செயலியும் பெரும்பாலும் அப்படித்தான். ஒரு விளையாட்டைக் கதைக்கும் பயிற்சிக்கு எடுப்பதா என்று பார்க்க நான் ஒன்றைத்தான் கேட்பேன்: கதைக்காமல் இதை வெல்ல முடியுமா? முடியும் என்றால் அது வேறு வேலைக்கு.

இரண்டு வரைபட விளையாட்டைச் செய்து பாருங்கள். ஏ9 வீதியில் கரடிப்போக்குச் சந்தியிலிருந்து டிப்போச் சந்தி வரை கையால் இரண்டு படம் கீறுங்கள். ஒரு படத்தில் சில கடைகளின் பெயர் இல்லை, மற்றதில் வேறு சிலவற்றின் பெயர் இல்லை. முதுகோடு முதுகு இருந்து, ஒருவரை ஒருவர் கேட்டு நிரப்பவேண்டும். படத்தைக் காட்டக்கூடாது, கையால் சைகை செய்தால் மற்றவருக்குத் தெரியாது. "நெக்ஸ்ட் டு", "ஒப்பசிட்", "பிஃபோர் யூ ரீச்" எல்லாம் தானாக வரும். தமிழில் எங்களுக்கு "இல்" ஒன்று போட்டால் போதும், ஆங்கிலத்தில் இன், ஒன், அட் என்று மூன்றாகப் பிரிகிற இடம் இது. எங்கள் பிள்ளைகள் எல்லோரும் தடுக்கி விழுகிற இடம், ஆகவே அடிக்கடி விளையாடவேண்டும்.

*

மல்லாவித் தங்கை

எல்லாவற்றையும் வாசித்து ஆசையாக இருக்கிறது. ஆனால் நான் மல்லாவியிலிருந்து மாங்குளம் வந்து ஏ9இல் பஸ் மாறிக் கிளிநொச்சிக்கு வந்துவிட்டுப் பொழுதுபடுமுன் வீட்டுக்குத் திரும்பமுடியாது. அம்மா விடமாட்டா. யானை வருகிற பாதை. எங்கள் பக்கத்தில் என்னைப் போல் நாலைந்து பிள்ளைகள் இருக்கிறோம், ஆசிரியர் இல்லை. என்ன செய்யலாம் அண்ணா?

*

ஒட்டுசுட்டான் அக்கா

தங்கச்சி, நாலைந்து பேர் தாராளமாகப் போதும். கூட்டம் கூடினால் ஒருவருக்குக் கதைக்கக் கிடைக்கிற நேரம் குறையும். காலை வேளையில், உங்கள் அம்மாமாருக்கும் தெரிந்த வீட்டுத் திண்ணையில் கூடுங்கள். ஒரு அம்மாவையும் பக்கத்தில் இருத்துங்கள், அவவுக்கும் நாலு சொல் வரும்.

கூட முடியாத நாளில் வட்ஸ்அப் குரல் பதிவு. நாங்கள் செய்கிற விதம் இது: ஒருவர் ஒரு நிமிடத்துக்குள் ஒரு கதையைத் தொடங்கி இடையில் நிறுத்துவார். அடுத்தவர் அதைக் கேட்டு அந்த இடத்திலிருந்து தொடரவேண்டும். கேட்காமல் தொடரமுடியாது, ஆகவே காதுக்கும் பயிற்சி. எழுத்தில் மறுமொழி போடக்கூடாது என்பது மட்டும் விதி. வீடியோ இல்லாததால் டேட்டாவும் பெரிதாகப் போகாது.

*

ஸ்காபரோ மாமா

நான் கனடாவில் இருக்கிறேன், சொந்த இடம் முள்ளியவளை. இந்த இழையை ஆரம்பத்திலிருந்து வாசிக்கிறேன். என் மகளும் அவளின் சிநேகிதப் பிள்ளைகளும் இங்கேயே பிறந்தவர்கள். சூமில் வந்து உங்கள் பிள்ளைகளுக்கு ஆங்கிலம் சொல்லிக்கொடுக்க ஆயத்தமாக இருக்கிறார்கள். உச்சரிப்பும் பழகலாம்தானே?

*

குளக்கட்டு (கிளிநொச்சி)

மாமா, மிக்க நன்றி. சொல்லிக்கொடுக்க வருவதைவிடக் கேட்டுத் தெரிந்துகொள்ள வந்தால் எங்களுக்கு இன்னும் உதவி. எங்கள் பிள்ளைகளுக்குத் தெரிந்து அவர்களுக்குத் தெரியாத விடயங்கள் எத்தனையோ இருக்கின்றன: சூடு மிதிப்பது, பாலைப்பழம் பொறுக்குவது, யானையை வெடி கொளுத்தி விரட்டுவது. இது என்ன, ஏன் என்று உங்கள் மகள் உண்மையாகவே தெரியாமல் கேட்டால், எங்கள் பிள்ளை உண்மையாகவே விளங்கப்படுத்தவேண்டும். ஆசிரியர் மாணவர் என்று வந்துவிட்டால் எங்கள் பிள்ளைகள் திரும்பவும் கையைக் கட்டிக்கொண்டு "யெஸ் மிஸ்" என்று இருந்துவிடுவார்கள்.

அரை மணித்தியாலம் ஆங்கிலம், அரை மணித்தியாலம் தமிழ் என்று வைத்தால் உங்கள் பிள்ளைகளுக்கும் பலன் இருக்கும். அங்கே ஒருவர் தமிழில் தடுமாறுவதைக் கேட்டால் இங்கே ஒருவரின் ஆங்கிலக் கூச்சம் பாதி போய்விடும். உச்சரிப்பை அவ்வளவு பெரிதாக எடுக்கத் தேவையில்லை. எஃப்பும் பீயும் ஒன்றாகக் கேட்டால் திருத்தலாம், ஏனென்றால் ஃபேனும் பேனும் வேறு வேறு பொருள். மற்றபடி கனடாக்காரர் மாதிரிக் கதைக்கவேண்டும் என்று இல்லை, விளங்கினால் சரி.

எங்களுக்குச் சனி இரவு 7 மணி என்றால் உங்களுக்குக் கோடையில் காலை 9.30, குளிர்காலத்தில் 8.30. ஒரேயொரு நிபந்தனை: பொதுக் குழுவில்தான் பேச்சு, இரண்டு பக்கமும் பெரியவர் ஒருவர் இருக்கவேண்டும், பிள்ளைகளின் தனி இலக்கங்களைப் பரிமாறக்கூடாது.

*

ஸ்காபரோ மாமா

எல்லாம் சம்மதம் தம்பி. மகள் முதல் கேள்வியை இப்போதே கேட்டுவிட்டாள்: யானை உண்மையிலேயே வீட்டு வாசலுக்கு வருமா?

*

மல்லாவித் தங்கை

வரும் என்று நான் சொல்லட்டுமா? போன மாதம் எங்கள் வாழையைப் பிடுங்கிவிட்டுப் போனது. ஆங்கிலத்தில் சொல்லிப் பழகிக்கொண்டு வருகிறேன். வீட்டில் சிக்னல் வேலிப்பக்கம் நின்றால்தான் வரும், ஆனால் வருவேன்.

*

குளக்கட்டு (கிளிநொச்சி)

வா தங்கச்சி, முதல் நாலு நிமிடம் உன்னுடையது. கதவு விளையாட்டின் அட்டைகளையும் ரீச்சரின் வரைபடத்தையும் படம் எடுத்து இன்றிரவு குழுவில் போடுகிறேன், அச்சடித்தால் ஒரு தாளுக்குள் அடங்கும். வருகிற சனி விவாதம்: எங்கள் இரணைமடுக் குளத்துத் தண்ணீரை யாழ்ப்பாணத்துக்குக் குடிக்கக் கொடுக்கலாமா? கொடுக்கலாம் என்ற பக்கத்துக்கு இன்னும் இரண்டு பேர் தேவை. கிளிநொச்சியில் அந்தப் பக்கத்துக்கு ஆள் பிடிப்பது கடினம், யாராவது முன்வாருங்கள்.

*

கரும்பலகை (புதுக்குடியிருப்பு)

நான் வருகிறேன். அந்தப் பக்கத்தில் என்னைப் போடுங்கள். கடைசி அரை மணித்தியாலம் கொப்பியும் என்னிடம் இருக்கட்டும்.